பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு அவுன்ஸ்

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். அவளுடைய பேரப்பிள்ளைகள் இப்போது கண்டி டவுனில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். வழியில் என்னைக் கண்டால் நின்று கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

அடையாளத்துக்கு இவ்வளவு போதும். கலஹாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். பஸ் வந்த புதுசு. பத்துக் காம்பரா வரிசையாக ஒட்டியுள்ள லயத்தில் என் காம்பராவுக்கு அடுத்தது அவளுடையது. நடுவில் இருந்தது பேருக்குத்தான் சுவர். இந்தப் பக்கம் நான் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கமிருந்து "தூக்கமாக்கா?" என்று கேட்பாள்.

புருஷன், மாமியார், அவள் என்று மூன்று பேராக வேறொரு தோட்டத்திலிருந்து வந்து இறங்கினார்கள். புதிதாக வந்தவர்களை விசாரிக்க வேண்டும் அல்லவா? ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனேன். அவளுக்கு இருபது, இருபத்தொரு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய கண்.

"எந்தத் தோட்டம் புள்ள? எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பெத்தேங்க. ரெண்டும் இல்ல" என்றாள். கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு, உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல, "நான் சாராயம் குடிக்கிறவக்கா. அத நிப்பாட்ட ஒங்களுக்குத் தெரிஞ்ச மருந்து எதுவும் இருக்கா?" என்று கேட்டாள்.

கொடுத்த தேத்தண்ணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

அவளுடைய குணமே அதுதான். மறைக்க மாட்டாள். லயத்தில் குடிக்கிற பெண் அவள் ஒருத்திதானா என்றால், அந்தக் கணக்கை நான் எடுக்க விரும்பவில்லை. என்னையும் சேர்க்க வேண்டி வரலாம். மற்றவர்களெல்லாம் வாய்க்குள் கராம்பைப் போட்டு மென்றுகொண்டு, சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பல்வலி என்று சொல்லிக்கொண்டு நடந்தார்கள். மாதத்தில் பாதி நாள் எங்கள் லயத்துப் பெண்களுக்குப் பல்வலி. அவள் மட்டும் கராம்பு தொடமாட்டாள்.

"ஏன்டி இப்புடி நாறிக்கிட்டு நிக்கிற? ரெண்டு கராம்பப் போட்டுக்கிட்டா என்னா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒளிச்சு வச்சா எவக்கா மருந்து குடுப்பா?" என்றாள்.

சாராயம் வாங்கத் தவறணைக்குப் போவதும் அப்படித்தான். சாலையோரத்தில் இருந்த அந்தத் தவறணைக்கு முன்வாசல் ஒன்று, பின்பக்கம் ஒரு ஜன்னல். பெண்களுக்கு ஜன்னல். அவள் முன்வாசலில் ஆம்பிளைகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பாள். தவறணை முதலாளி சிங்களவர், நல்ல மனுஷன். "பொம்பிள ஆள் இங்க நிக்க ஏலாது, அந்தப் பக்கம் போங்க" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்வார். "குடிக்கிற வாய் ஒண்ணுதானே முதலாளி, ஜன்னல்ல நின்னா கொறையுமா?" என்று இவள் கேட்பாள். வரிசையில் நிற்கிற ஆம்பிளைகளுக்குத்தான் வெட்கமாகிவிடும். சீக்கிரம் அனுப்பினால் போதும் என்று அவளை முன்னால் விட்டுவிடுவார்கள். மற்றப் பெண்கள் ஜன்னலில் அரை மணி நேரம் நிற்கும்போது இவள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெற்றிலைகூடப் போடாத மனுஷன். செவ்வாய், வெள்ளி ஒரு பொழுது. கோயிலில் பஜனை என்றால் முதல் தாளம் அவருடையது. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய முருகா. பெண்டாட்டியை ஒரு சொல் திட்டமாட்டார், கை நீட்டமாட்டார். அவள் குடித்துவிட்டு வந்தால் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இவ்வளவு நல்லவர் ஒருத்தர் எதிரே உட்கார்ந்துகொண்டே இருந்தால் எனக்கே கொஞ்சம் குடிக்கத் தோன்றும்.

அவளுக்கு இது எப்படி வந்தது என்று லயத்தில் பலபேர் பலவிதமாகச் சொன்னார்கள். பழைய தோட்டத்தில் கெட்ட சகவாசம் என்றார்கள். செய்வினை என்றார்கள். நான் அவளிடமே கேட்டேன். கேட்டால் சொல்லிவிடுகிறவளைப் பற்றி மற்றவர்களிடம் ஏன் கேட்க வேண்டும்?

"புள்ள பெத்தேங்க. மருந்து குடுத்தாங்க" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அன்றைக்குப் பிள்ளை பெற்றவளுக்குச் சாராயம்தான் மருந்து. மழையும் பனியும் உள்ள மலை. பச்சை உடம்பு விறைத்து ஜன்னி வந்துவிடக் கூடாது. டிஸ்பென்சரியிலிருந்து ஒன்பது நாளைக்கு, நாளுக்கு இரண்டு அவுன்ஸ் வரும். மாமியார்காரி அதில் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுச் சூடு காட்டிக் கொடுப்பாள். ஒன்பது நாள் முடிந்த பிறகு நாற்பது நாள் வரைக்கும் வீட்டுச் செலவு. எனக்கும் நாலு பிள்ளை பெற்றபோதும் கொடுத்தார்கள். முதல் பிள்ளைக்கு வாந்தி எடுத்தேன். இரண்டாவதுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். மூன்றாவதுக்கு, நேரம் தவறினால் நானே ஞாபகப்படுத்தினேன். ஆனால் நாற்பத்தோராம் நாள் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனதும் கூடையும் வெயிலும் அதை மறக்கடித்துவிட்டன.

அவளுக்கு அப்படி ஆகவில்லை. முதல் பிள்ளை ஒன்பதாம் நாள் போய்விட்டது. பிள்ளை போனாலும் மருந்து நிற்கவில்லை. அழுகிறாளே என்று கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறதே என்று இன்னும் கொஞ்சம். தூக்கம் வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம். எல்லாம் அன்பாகத்தான் கொடுத்தார்கள். நாற்பது நாள் முடிந்ததும் நிறுத்திவிட்டு, "இனி ஒனக்கு ஒண்ணுமில்ல, எந்திரிச்சு வேலைக்குப் போ" என்றார்கள். அவள் எழுந்து வேலைக்குப் போனாள். போகிற வழியில் தவறணை இருந்தது.

"கை என்னுது, வாய் என்னுது. தாகம் மட்டும் வேற யாருதோக்கா" என்பாள். குடித்த நேரத்தில்தான் அவள் கை நிதானமாக இருக்கும். விடியற்காலை பெரட்டுக் களத்தில் நிற்கும்போது விரல் பத்தும் நடுங்கும். ஒரு வாய் போட்டுவிட்டு மலை ஏறினால் கொழுந்து எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "அந்தப் புள்ளையப் பாருங்க, அவ கையப் பாருங்க" என்று கங்காணி எங்களைத் திட்டுவார். நாங்கள் பார்ப்போம்.

டிஸ்பென்சரிக்கு ஒருநாள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அங்கே மருந்து கொடுக்கிற ஐயா யாழ்ப்பாணத்து மனுஷன். மூக்குக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, முன்னால் ஒரு பெரிய புத்தகம். யார் வந்தாலும் முதலில் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார்.

"ஐயா, குடிய நிப்பாட்ட மருந்து வேணுங்க."

"ஓம். உன்ர புருஷன் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறான்?"

"அவரு குடிக்கிறதில்லீங்க. நான்தான்."

ஐயா பேனாவை வைத்துவிட்டு ஆளைப் பார்த்தார்.

"அவன் அடிக்கிறவனோ?"

"யாருங்க?"

"உன்ர புருஷன்."

"அவரு கொசுவக்கூட அடிக்க மாட்டாருங்க."

"சரி, அவனைக் கூட்டிக்கொண்டு வா. நான் கதைக்கிறன்."

"அவரு வந்து என்னாங்க செய்ய? தாகம் எனக்குங்க."

ஐயா புத்தகத்தை நாலைந்து பக்கம் முன்னும் பின்னும் புரட்டினார். தேடாமல் சொல்லிவிட்டார் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

"பெம்பிளையளுக்கு அப்பிடி ஒரு வருத்தம் இதில இல்லைப் பிள்ளை. காய்ச்சல் இருக்கு, பூச்சி இருக்கு, பிள்ளைப்பேறு இருக்கு. இந்த மூண்டில ஒண்டைச் சொல்லு, எழுதுறன்."

"அப்ப பூச்சின்னே எழுதிக்குங்க" என்றாள்.

பூச்சி மருந்து குடித்து இரண்டு நாள் எழும்ப முடியாமல் கிடந்தாள். அடுத்த வாரம் மறுபடியும் போனோம்.

"பூச்சி போயிருச்சுங்க ஐயா. தாகம் போகல."

"அப்ப இன்னொருக்கா பூச்சி மருந்து எடு."

அந்த வருஷம் தோட்டத்திலேயே வயிறு சுத்தமாக இருந்த பெண் அவள்தான்.

பிறகு கண்டியில் மதுவிலக்குக் கூட்டம் என்று நோட்டீஸ் வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. புருஷன்தான் வாசித்தார். 'குடியை விட விரும்புவோர் அனைவரும் வருக' என்று போட்டிருப்பதாகச் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்ததுபோல அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து மடியில் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பேராதனைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து டவுனுக்குப் போனோம். எனக்குக் குடியை விட வேண்டிய அவசியம் இல்லை. டவுனைப் பார்க்க வேண்டியிருந்தது.

கூட்டத்தில் நடு இடம் ஆம்பிளைகளுக்கு. பெண்களுக்கு ஓரமாக ஒரு கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாய். கோட்டும் தலைப்பாகையும் போட்ட ஓர் ஐயா மேடையில் நின்று பேசினார். என்ன தமிழ்! பாதி எனக்கு விளங்கவில்லை, ஆனால் கேட்கக் கேட்க அழுகை வந்தது. குடிகாரன் பெண்டாட்டி, குடிகாரன் பிள்ளை, அடுப்பில் பூனை என்று அவர் சொல்லச் சொல்ல, பாயில் இருந்த பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். எங்களைக் கூப்பிட்டது அதற்குத்தான் போலிருக்கிறது.

கடைசியில், "இன்றோடு இந்த அரக்கனை விட்டொழிக்கத் துணிந்தவர்கள் கையை உயர்த்துங்கள்!" என்றார். நடுவில் சில கைகள் எழுந்தன. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு கை எழுந்தது.

ஐயாவின் கண் அந்தக் கையில் வந்து நின்றது. குரல் அப்படியே இளகிவிட்டது. "தாயே, தங்கள் கணவர் வந்திருக்கிறாரா?"

"வந்திருக்காருங்க. ஆனா குடிக்கிறது..."

"எங்கே அந்தச் சகோதரர்? மேடைக்கு அனுப்புங்கள்!"

பின்வரிசையில் திருநீற்றோடு உட்கார்ந்திருந்த மனுஷனை நாலு பேர் தூக்காத குறையாக மேடைக்குக் கொண்டுபோனார்கள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "வெட்கப்படாதீர்கள் சகோதரரே, வெட்கப்படாதீர்கள்" என்று ஐயா அவரைக் கட்டிக்கொண்டார். கழுத்தில் மாலை விழுந்தது. "இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன்" என்று சொல்லச் சொன்னார்கள். அவரும் சொன்னார். பொய் ஒன்றும் இல்லையே. காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கூட்டம் கைதட்டியது. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து ஐயாவுக்கும் வந்தது.

சாகும்வரை அந்த மனுஷன் ஒரு சொட்டுத் தொடவில்லை. அன்றைக்கு மேடை ஏறியவர்களில் சத்தியத்தைக் காப்பாற்றியது அவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. கழற்றினால் மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் அந்த மாலையில் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத எனக்குப் போட்டிருந்தா நின்னிருக்குமோ என்னமோ" என்றாள்.

எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

யாரும் மருந்து கொடுக்கவில்லை என்றதும், தானே நிறுத்துவது என்று ஒரு வெள்ளிக்கிழமை முடிவு பண்ணினாள். போத்தலை வாசலில் தண்ணி ஓடுகிற கானில் கவிழ்த்தாள். சனிக்கிழமை வியர்த்தாள், சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கத்தினாள். எறும்பு எதுவும் இல்லை. "பாயில ஏறுது, கண்ணுல ஏறுது, தட்டி விடுங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இல்லாத எறும்பை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

மாமியார் பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பூசாரி திருநீறு போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்திருப்பது ரோதைமுனி என்றார். கொழுந்து அரைக்கிற இஸ்டோரில் மிஷினுடைய சக்கரங்களை, அந்த ரோதைகளைக் காக்கிற முனி அது. உச்சி வேளையில் இஸ்டோர்ப் பக்கம் தலைவிரித்துப் போயிருக்கிறாள், பிடித்துக்கொண்டது. முனிக்கு என்ன வேண்டும்? ஒரு சேவல், ஒரு சுருட்டு, ஒரு போத்தல் சாராயம். படைத்து, உடுக்கை அடித்து, படையலை அவள் வாயில் ஊற்றினார்கள். முனி அவள் வாயால்தானே குடிக்கும்!

முனி நன்றாகக் குடித்தது. கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. எறும்பெல்லாம் போய்விட்டது. அவள் எழுந்து உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டு சோறு கேட்டாள்.

பூசாரிக்கு அன்றிலிருந்து பேர். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

மறுநாள் மலையில் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "எனக்கு இப்பத்தான்க்கா வெளங்குது. ஒரே அடியா நிப்பாட்டுனா அது கோவிச்சுக்குது. அதுக்குத் தெரியாம நிப்பாட்டணும்."

"எதுக்குடி இப்ப இந்த அவசரம்? மூணு வருஷமா குடிக்கிற, இன்னும் கொஞ்ச நாள் குடிச்சிட்டுப் போயேன்" என்றேன்.

கூடைக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டு, வயிற்றில் கை வைத்துக் காட்டினாள். மூன்றாம் மாதம்.

"மொதப் புள்ள குடிக்காம பெத்தேன், போயிருச்சு. ரெண்டாவது குடிச்சுக்கிட்டே பெத்தேன், அதுவும் போயிருச்சு. எதனால போச்சுன்னு யாரக் கேட்டாலும் தெரியல. இது எனக்கு வேணும்க்கா. வயித்துலயும் குடிக்கக் கூடாது, பொறந்த பொறகும் குடிக்கக் கூடாது. குடிச்சவ கையில புள்ளையக் குடுக்கச் சொன்னா நானே குடுக்க மாட்டேனே."

என் கூடையிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டேன்.

வழியை அவளே கண்டுபிடித்தாள். தேயிலைத் தோட்டத்துக்காரிக்குத்தான் அது தோன்றும். பால் விடாத தேத்தண்ணியும் சாராயமும் போத்தலுக்குள் ஒரே நிறம். போத்தல் என் காம்பராவில் இருக்கும். நான்தான் அளந்து கொடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு சிரட்டைக் கரண்டி சாராயத்தை எடுத்துவிட்டு ஒரு கரண்டி தேத்தண்ணி. இரண்டு நாள் கழித்து இரண்டு கரண்டி. இப்படியே ஏற வேண்டும். ஒரே ஒரு கட்டளை போட்டாள். "என்னைக்கு முழுசா தேத்தண்ணி ஆச்சுன்னு எனக்குச் சொல்லாதீங்க."

ஏறினேன். சில நாள் அவளுக்குக் கை வெட்டும். அன்றைக்கு ஒரு கரண்டி இறங்குவேன். சில நாள், "என்னா இது, எருமை மூத்திரம் மாதிரி இருக்கு" என்று என்னைத் திட்டுவாள். நானும் திருப்பித் திட்டுவேன். அவளிடமிருந்து எடுத்த சாராயத்தை என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனபோது போத்தல் முழுக்கத் தேத்தண்ணி ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் அப்படியே கொடுத்தேன். பத்தாம் நாள் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் காட்டமா இருக்குக்கா. ஏமாத்திக் கூட்டிட்டீங்களா?"

"தவறணையில புதுச் சரக்கு" என்றேன்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. போத்தலை மோந்து பார்த்தாள். கையை முன்னால் நீட்டி விரல்களைப் பார்த்தாள். பத்தும் ஆடாமல் நின்றன. அப்படியே தரையில் உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டாள். மாமியார் ஓடிவந்து, மறுபடியும் முனியா என்று கேட்டாள்.

குடியை விட்ட பிறகுதான் அவளோடு லயத்தில் சீவிக்க முடியவில்லை. முன்பெல்லாம் யாரோடும் சண்டை கிடையாது. இப்போது கண் தெரிந்துவிட்டது. பீலிக்கரையில் முறை தவறித் தண்ணி பிடித்தால் கேட்பாள். கொழுந்து நிறுக்கும்போது கங்காணி அரை றாத்தல் குறைத்துச் சொன்னால் கேட்பாள். நான் பாடினால், "அக்கா, ஒங்களுக்குப் பாட வராது" என்றாள். இத்தனை வருஷம் யாரும் சொன்னதில்லை. புருஷன் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினால், "என்னாத்துக்குக் கண்ண மூடுறீங்க? போயி வெறகு ஒடிச்சிக்கிட்டு வாங்க" என்பாள். மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

எட்டாம் மாதம் அவள் மறுபடியும் டிஸ்பென்சரிக்குப் போனாள். நானும் போனேன்.

"ஐயா, புள்ள பொறந்தா எனக்கு வர்ற ரெண்டு அவுன்ஸ் வேணாம்னு எழுதிக்குங்க."

ஐயா இந்தத் தடவை சிரித்தார். "வேண்டாமெண்டு எழுத இடமில்லைப் பிள்ளை. பிள்ளை பெத்த எல்லாருக்கும் குடுக்கிறது. துரையின்ர ஓடர்."

"எனக்கு அது வெசம்ங்க."

"ரெண்டு அவுன்ஸ் மருந்து. அதை விஷமெண்டு சொல்லக் கூடாது. சத்து வேணும், போ."

மாமியாரிடம் சொன்னாள். "தோட்டம் குடுக்கிறத வேணாங்கிறவ ஒருத்தியையும் நான் கண்டதில்ல. ஜன்னி கண்டு செத்தா எம் மகன் கதி என்னா?" என்றாள் மாமியார். கெட்ட மனுஷி இல்லை. இரண்டு பேரப்பிள்ளைகளைப் புதைத்தவள். பயம்.

அன்று சாயந்தரம் அவள் என் காம்பராவுக்கு வந்தாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"வலி வந்தா நீங்க எம் பக்கத்துல இருக்கணும். எவ ஊத்த வந்தாலும் விடக் கூடாது. ஒரு வாய் போச்சுன்னா நான் போயிருவேன், எனக்குத் தெரியும். நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

"சத்தியமா விடமாட்டேன்டி" என்றேன்.

ஒரு திங்கட்கிழமை காலை வலி எடுத்தது. மழை. மருத்துவச்சி வந்தாள், மாமியார் தண்ணி காய்ச்சினாள், நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பகல் ஒரு மணி போலப் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்ததும் கத்தியது, லயம் முழுக்கக் கேட்டது. அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். "சத்தம் பெருசா இருக்குக்கா" என்றாள்.

பிறகு ரத்தம் நிற்கவில்லை.

மருத்துவச்சி வயிற்றைப் பிசைந்தாள். துணி மாற்றினோம், மறுபடி மாற்றினோம். அவளுடைய உதடு வெள்ளையாகிக்கொண்டே வந்தது. காலைத் தொட்டேன், ஈரக் கல் மாதிரி இருந்தது. மாமியார் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுச் சூடு காட்டிய கோப்பையோடு வந்தாள். அந்த வாசனை காம்பரா முழுக்க ஏறியது. கண்ணை மூடிக் கிடந்தவள் அந்த வாசனைக்குக் கண்ணைத் திறந்தாள். பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.

நான் கையைக் குறுக்கே நீட்டினேன். "வேணாம். அவளுக்கு ஆகாது."

"ஒடம்புல சூடு ஏறணும். இல்லாட்டி இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றாள் மருத்துவச்சி. "நான் எத்தனை பேரப் பார்த்தவ. கையை எடு."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"செத்தவளுக்கு ஒன் சத்தியத்த வச்சு என்னா செய்யப் போற?"

புருஷன் வாசலில் நனைந்துகொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டார். மூலையில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஆட்டுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

எனக்கும் அந்த மருந்தைத் தவிர வேறு மருந்து தெரியாது. நாலு பிள்ளைக்கும் குடித்துவிட்டு எழுந்து நடந்தவள் நான். அந்தக் காம்பராவில் வேறு மருந்தும் இருக்கவில்லை.

மருத்துவச்சி குனிந்தாள். "நில்லு. ஊத்துறதுன்னா நானே ஊத்துறேன்" என்றேன்.

கோப்பையை வாங்கிக்கொண்டேன். இடது கையால் அவள் மூக்கைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் தாங்கினாள். பிறகு வாய் திறந்தது. இரண்டு அவுன்ஸும் ஊற்றினேன். விழுங்கும்போது என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ரத்தம் நின்றது. அதனால் நின்றதா, தானாக நின்றதா, மருத்துவச்சி பிசைந்ததில் நின்றதா, எனக்குத் தெரியாது. எல்லோரும் அதனால்தான் என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் கொடுக்கவில்லை. மாமியார் கொடுத்தாள். இப்போது அவள் பல்லைக் கடிக்கவில்லை என்று மாமியாரே சொன்னாள்.

மூன்றாம் நாள் டிஸ்பென்சரி ஐயா புத்தகத்தோடு லயத்துக்கு வந்தார். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். நல்ல நிறை என்றார். தாயின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். நேரத்துக்கு மருந்து கொடுத்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"கெட்டிக்காரி. நல்ல வேலை செய்தனீ" என்றார். புத்தகத்தை விரித்து, சொல்லிக்கொண்டே எழுதினார்: "தாயும் பிள்ளையும் சுகம்." மிச்ச நாளைக்கான போத்தலைச் சுவர்த் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மாமியார் துணி துவைக்கப் பீலிக்கரைக்குப் போனாள். புருஷன் வேலைக்குப் போயிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை மார்பில் கிடந்து சத்தமாகக் குடித்தது. அவள் அதன் தலையை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் தடவினாள். என் பக்கம் திரும்பாமலே கூப்பிட்டாள்.

"அக்கா."

"என்னடி."

"அந்தப் போத்தல்ல இருக்காக்கா?"

எழுந்து போய்த் தட்டில் பார்த்தேன். ஆறு நாள் மருந்து, கழுத்து வரை இருந்தது. பொய் சொல்வது எனக்குக் கைவந்த வேலை. அன்றைக்குப் பார்த்து அது வரவில்லை.

"இருக்கு" என்றேன்.